பழைய ராணுவ ரைபிள்களும் மாற்று உதிரிபாகங்களும்

பழைய ராணுவ ரைபிள்களுக்கு மாற்று உதிரிபாகம் பொருத்துதல் என்பது, உற்பத்தி நின்றுபோன ஒரு ரைபிளில் தேய்ந்த, உடைந்த அல்லது காணாமற்போன பாகத்தின் இடத்தில், அதே வகையைச் சேர்ந்த வேறொரு ரைபிளின் பாகத்தையோ புதிதாகச் செய்த பாகத்தையோ வைப்பதாகும். ஒரே பெயரும் ஒரே தோற்றமும் கொண்ட இரு பாகங்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரும் என்று நம்பிவிட முடியாது. உட்கார்ந்துவிட்டாலும் ரைபிள் பாதுகாப்பாகச் சுடும் என்பதற்கு அது உறுதி ஆகாது. இந்திய ராணுவமும் காவல்துறையும் நீண்டகாலம் பயன்படுத்திய லீ-என்ஃபீல்டு, எஸ்.எல்.ஆர். ஆகிய இரண்டையும், சேகரிப்பாளர்களிடையே பெயர்பெற்ற சுவிட்சர்லாந்தின் ரைபிள்களையும் வைத்து இச்சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே அளவு என்ற எண்ணம்

பதினெட்டாம் நூற்றாண்டு வரை துப்பாக்கி என்பது ஒரு கம்மியர் அரத்தால் ராவி ராவிச் சேர்த்த பொருள். ஒரு துப்பாக்கியின் திருகு இன்னொன்றில் ஏறாது. 1785இல் பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்ற கைவினைஞர் துப்பாக்கிப் பூட்டுகளைப் பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருந்தார். அப்போது பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், கைக்கு வந்த பாகங்களை எடுத்துத் தானே சில பூட்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்; அவை பொருந்தின. அந்த வியப்பை அவர் தம் நாட்டுக்குக் கடிதமாக எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அரசு ஆயுதச்சாலைகளும், பின்னர் அங்கிருந்து இயந்திரங்களை வாங்கிய இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆலையும் இந்த முறையைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

திருச்சி வாசகர்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கைலாசபுரத்தில் உள்ள பெல் குடியிருப்பில், வீட்டுக்கு ஒருவராவது வெர்னியர், மைக்ரோமீட்டர், கோ – நோகோ கேஜ் என்று பேசக் கேட்டிருப்பார்கள். எந்தப் பாகத்தையும் சரியாக ஒரே அளவில் செய்ய முடியாது. இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஒரு வரம்பு வைத்து, அதற்குள் வந்தால் ஏற்பது, தாண்டினால் தள்ளுவது என்பதே பட்டறை நடைமுறை. கோ கேஜ் நுழைய வேண்டும், நோகோ கேஜ் நுழையக் கூடாது. கொதிகலன் குழாய்க்கும் ரைபிள் குழலுக்கும் இந்த விதி ஒன்றுதான். பழைய ரைபிளில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒவ்வொரு பாகமும் வரம்புக்குள் இருந்தும், பல பாகங்கள் சேரும்போது ஒவ்வொன்றின் சிறு விலகலும் கூடிக் கூடி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அந்த இடம் பெரும்பாலும் தோட்டா உட்காரும் அறையும் போல்ட்டும் சந்திக்கும் இடமாகவே இருக்கும்.

லீ-என்ஃபீல்டு: எண்ணைப் பார்

பள்ளி, கல்லூரிகளில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் தூக்கிப் பழகிய கனமான மரக்கட்டை ரைபிள் இதுதான். .303 அங்குலத் தோட்டாவைச் சுடும் இந்த வகை 1895இல் பிரிட்டிஷ் படையில் சேர்க்கப்பட்டது; அதன் குட்டைக் குழல் வடிவம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இதைப் பல பத்தாண்டுகள் தயாரித்தது.

இதன் போல்ட், அதாவது தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பின்னிருந்து அடைக்கும் உருளை, இரண்டு துண்டுகளால் ஆனது. முன்னால் உள்ள சிறு துண்டான போல்ட் தலை, உடலுக்குள் மரையால் ஏறுகிறது. சுடும்போது பின்னோக்கி வரும் விசையை போல்ட்டின் உடலில் இருக்கும் இரண்டு தாங்கிகள் ஏற்கின்றன. இரண்டும் ரைபிளின் உடல்பகுதியில் சமமாகப் பதிய வேண்டும். ஒன்று மட்டும் பதிந்தால் முழுச் சுமையும் அதன்மேல் விழும். ஆலையில் தொழிலாளி கையால் பொருத்திப் பார்த்துத்தான் இதைச் சரிசெய்தார். அப்படிச் சேர்த்த பிறகே ரைபிளின் எண்ணை போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும் அடித்தார். ஆகவே அந்த எண், இந்த போல்ட் இந்த உடலுக்கென்று ராவப்பட்டது என்பதற்கான சான்று.

இன்னொரு அளவும் உண்டு. .303 தோட்டாவின் அடியில் விளிம்பு இருக்கிறது. அந்த விளிம்பு உட்காரும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். இந்த ரைபிளில் அது 0.064 அங்குலத்துக்குக் குறையாமலும் 0.074 அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கால் மில்லிமீட்டர். குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால் மூடும், சுடவும் செய்யும். ஆனால் பித்தளைக் கூடு பின்னோக்கி இழுபட்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரியக்கூடும். முன்பாதி அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெப்பவாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரவும் வாய்ப்புண்டு. சிக்கிய பாதியை வெளியே எடுப்பதற்கென்றே ராணுவத்தில் தனிக் கருவி கொடுத்திருந்தார்கள் என்பதிலிருந்து இது எவ்வளவு வழக்கமான தொல்லை என்று ஊகிக்கலாம்.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் வந்த நான்காம் எண் லீ-என்ஃபீல்டில் இதற்கு ஓர் எளிய வழி செய்தார்கள். போல்ட் தலைகளை 0, 1, 2, 3 என்று நான்கு நீளங்களில் செய்து எண்ணிட்டார்கள். ரைபிள் தேயத் தேய, ஆர்மரர் அடுத்த எண் தலையை மாட்டினால் போதும். ஆனால் இஷாப்பூரில் செய்த முதலாம் எண் வகையில் இந்த எண்ணிட்ட தலைகள் இல்லை. அங்கே வேண்டிய அளவு கிடைக்கும்வரை ஒவ்வொரு தலையாக மாட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் ராவ வேண்டும். இரு வகைத் தலைகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. இரண்டும் லீ-என்ஃபீல்டு, இரண்டும் .303 என்பதால் பலர் தடுமாறுவது இங்கேதான்.

மரக்கட்டையும் வெறும் கைப்பிடி அல்ல. முன்கட்டையின் உட்புறத்தில் உலோக உடல் பின்னோக்கி முட்டும் இடங்கள் உண்டு. அங்கே மரம் நசுங்கினால் குழல் அசையும், குறி தவறும், கட்டையும் பிளக்கும். இஷாப்பூர் ரைபிள்களில் முன்கட்டையின் குறுக்கே ஒரு வலுவூட்டும் திருகைக் காணலாம். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை மெதுவான உள்ளூர் மரத்தைப் பயன்படுத்தியதால் அதே இடத்தில் சிறு செப்புத் தகடுகளை வைத்தது. வேறொரு ரைபிளில் இருந்து கழற்றிய கட்டையை அப்படியே மாட்டும்போது வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். முட்டும் இடங்கள் பதிந்திருக்கின்றனவா என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

என்.சி.சி. மாணவர்கள் பார்த்திருக்கும் டி.பி. ரைபிள்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். டி.பி. என்பது பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும் உரியது என்பதைக் குறிக்கும் முத்திரை. சுடத் தகுதியிழந்தவை என்று ஆர்மரர் ஒதுக்கிய ரைபிள்களே பெரும்பாலும் இப்படி மாற்றப்பட்டன. குழலிலோ ஊசியிலோ வேண்டுமென்றே பழுது செய்யப்பட்டிருக்கும். டி.பி. முத்திரை உள்ள ஒரு பாகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சுடும் ரைபிளுக்குத் திரும்பக் கூடாது. ஒதுக்கியதற்கான காரணம் கண்ணுக்குத் தெரியாத விரிசலாகவும் இருக்கலாம்.

இஷாப்பூர் 2ஏ: அதே முகம், வேறு தோட்டா

1960களின் தொடக்கத்தில் இந்தியா 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாறியபோது, பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்திலேயே மேம்பட்ட எஃகால் 2ஏ என்ற ரைபிளை இஷாப்பூர் ஆலை செய்தது. பின்னர் வந்த 2ஏ1இல் குறிபார்க்கும் தகட்டின் உச்ச அளவு 2000 மீட்டரில் இருந்து 800 மீட்டராகக் குறைக்கப்பட்டது. .303 மேகசின் வளைந்து பத்துத் தோட்டா கொள்ளும். இதன் மேகசின் சதுர மூலைகளுடன் பன்னிரண்டு கொள்ளும். புதிய தோட்டாவுக்கு விளிம்பு இல்லாததால் ஹெட்ஸ்பேஸ் தோட்டாவின் தோள்பகுதியில் இருந்து அளக்கப்படுகிறது; .303க்குரிய கேஜ் இங்கே பயன்படாது. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது கடினம். மேகசினின் மூலைதான் விரைவான அடையாளம்.

எஸ்.எல்.ஆர்.: அங்குலமும் மீட்டரும்

1962 போரில் இந்திய வீரர்கள் கையில் இருந்தது போல்ட் இழுத்துச் சுடும் .303. அதன்பின் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிளின் தேவை அவசரமானது. உலகின் பல நாடுகள் அப்போது பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் வடிவமைத்த ஃபால் ரைபிளை ஏற்றிருந்தன. ஆனால் அந்த ஒரே ரைபிளுக்கு இரண்டு குடும்பங்கள் உருவாகிவிட்டன. பெல்ஜிய வரைபடங்கள் மீட்டர் அளவில் இருந்தன. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை தங்கள் ஆலைகளுக்கேற்ப அவற்றை அங்குல அளவுக்கு மாற்றிக்கொண்டன. அப்படி மாற்றும்போது சில பாகங்களின் வடிவமும் மாறியது.

இதன் விளைவைக் காட்ட மேகசினே போதும். அங்குல வகை மேகசினின் முன்புறத்தில் பருத்த கொக்கி உண்டு. மீட்டர் வகையில் சிறிய புடைப்பு மட்டுமே. மீட்டர் மேகசின் அங்குல ரைபிளில் சற்றுத் தளர்வாகவேனும் ஏறும். அங்குல மேகசின் மீட்டர் ரைபிளில் ஏறவே ஏறாது. இரண்டிலும் போவது அதே 7.62 மி.மீ. தோட்டாதான்.

இந்தியா இரண்டு குடும்பங்களின் ரைபிள்களையும் ஆராய்ந்து, புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகத் தனக்கென்று ஒரு வடிவத்தை உருவாக்கியது. 1963இல் இஷாப்பூரில் உற்பத்தி தொடங்கியது. வெளித்தோற்றத்தில் பிரிட்டிஷ் ரைபிளைப் போலவும், அளவுகளில் வேறு மாதிரியாகவும் உள்ள கலப்பு அது. கட்டையின் பின்தகடுகூட லீ-என்ஃபீல்டை நினைவூட்டும்; சுத்தம் செய்யும் பொருட்களை வைக்கச் சிறு கதவு உண்டு. ஒரு நாட்டின் படைக்குள் அனைத்து ரைபிள்களும் ஒன்றுபோல இருக்கும்வரை இதில் எந்தக் குறையும் இல்லை. வெளியில் இருந்து உதிரிபாகம் வாங்க நினைத்தால்தான் சிக்கல்: அங்குலப் பாகங்களும் மீட்டர் பாகங்களும் இந்திய 1ஏ1இல் முழுமையாகப் பொருந்துவதில்லை. அன்று அது தற்சார்புக்கான முடிவு. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்த ரைபிளைப் பராமரிப்பவர் இந்தியாவுக்குள்ளேயே பாகம் தேட வேண்டியிருப்பது அதன் மறுபக்கம்.

இந்தத் தேவைக்கு இஷாப்பூர் மட்டும் போதவில்லை. 1966இல் திருச்சியில் படைக்கலத் தொழிற்சாலைக்கு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். எஸ்.எல்.ஆர். செய்யத் தொடங்கிய இந்த ஆலை பின்னாளில் 5.56 மி.மீ. இன்சாஸ், கனரக விதுவன்சக் ரைபிள், திருச்சியின் பெயரையே தாங்கிய டார் ரைபிள் ஆகியவற்றையும் தயாரித்தது. 2021 அக்டோபர் 1 முதல் இது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்யூப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ஒரு ரைபிளின் உற்பத்தி நின்றாலும் கேஜ்களும் வரைபடங்களும் ஆலையில் இருக்கும்வரை உதிரிபாகம் செய்ய முடியும். அவையும் போய்விட்டால், பழைய ரைபிள்களைப் பிரித்துப் பாகம் எடுப்பது ஒன்றே வழி.

காவல்துறைகளில் நடந்தது பெரும்பாலும் அதுவே. உத்தரப்பிரதேசக் காவல்துறை .303 ரைபிளுக்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான். அதுவரை அந்த ரைபிள்களைச் சுடும் நிலையில் வைத்திருந்தவர்கள் பெயர் தெரியாத ஆர்மரர்கள்.

சுவிஸ் ரைபிள்கள்: மாற்றாமல் காத்த நாடு

இதற்கு நேர்மாறான நிலையைச் சுவிட்சர்லாந்தில் காணலாம். ருடோல்ஃப் ஷ்மிட், எடுவார்ட் ரூபின் ஆகியோரின் பெயரால் அறியப்படும் 1889ஆம் ஆண்டு ரைபிளில் போல்ட்டைத் திருப்ப வேண்டியதில்லை. கைப்பிடியை நேராகப் பின்னிழுத்து முன்தள்ளினால் போதும். இதன் வழிவந்தவற்றில் புகழ்பெற்றது கே31. பெர்ன் நகர ஆயுதச்சாலையில் 1930களின் தொடக்கம் முதல் 1958 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது.

கே31ஐ முந்தைய கே11உடன் ஒப்பிட்டால் மொத்த நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கே11இன் குழல் 592 மி.மீ., கே31இன் குழல் 652 மி.மீ. போல்ட்டின் தாங்கிகளை முன்னால் கொண்டுவந்து போல்ட்டையும் உடலையும் குட்டையாக்கியதால் மிச்சமான இடம் குழலுக்குப் போனது. எனவே இரண்டின் போல்ட்டுகளும் ஒன்றுக்கொன்று உதவாது. ஒரே ஆலை, ஒரே நாடு, ஒரே 7.5 மி.மீ. தோட்டா என்றிருந்தும் நிலை இதுதான்.

தோட்டாவிலும் எச்சரிக்கை தேவை. 1911இல் வந்த ஜி.பி.11 தோட்டா முந்தையதைவிட அதிக அழுத்தம் தரும். மாற்றியமைக்கப்படாத 1889 ரைபிளின் பூட்டு அமைப்பு அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்படவில்லை. பெயரளவில் இரண்டும் 7.5 மி.மீ. என்று நம்பிச் சுடுவது ஆபத்து.

சுவிஸ் படை மக்கள் படை. வீரர் தம் ரைபிளை வீட்டுக்கே கொண்டுபோவார், பணி முடிந்தபின் அதை வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. இதனால் ஒரு ரைபிள் பல ஆண்டுகள் ஒரே கையில் இருந்தது. உடலில் உள்ள எண்ணே போல்ட்டிலும் மேகசினிலும் அப்படியே இருக்கும் கே31கள் இன்றும் ஏராளம். கட்டையின் பின்தகட்டைக் கழற்றினால் சிலவற்றில் அந்த வீரரின் பெயர், ஊர், படைப்பிரிவு எழுதிய சிறு தாள் கிடைக்கும். அதை எடுத்து வேறு ரைபிளில் வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே தமிழர்களைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. 1980கள் முதல் சுவிட்சர்லாந்தில் ஈழத்தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் குடியேறினர். அந்நாட்டு ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவு, சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதமோ அதன் பாகங்களோ தோட்டாவோ வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடைசெய்கிறது. அப்பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. சில காரணங்களுக்காக மாநில அரசு விதிவிலக்கு அளிக்கலாம். ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டை இன்னும் வைத்திருக்கும் தந்தை கே31க்கு ஒரு மாற்று போல்ட் வாங்கினாலும் குற்றம். சுவிஸ் குடியுரிமை பெற்ற அவருடைய மகனுக்கோ ராணுவச் சேவை கடமை, 5.6 மி.மீ. ரைபிளை அரசே கொடுக்கிறது.

துணைப்பொருட்கள்

தோல்வார், எண்ணெய்க் குப்பி, முனை மூடி, பயோனெட் போன்றவை ரைபிளின் இயக்கத்தைப் பாதிப்பதில்லை என்பதால் இவற்றைத் தேடுவது எளிது, போலிகளும் அதிகம். லீ-என்ஃபீல்டின் பின்கட்டைக் குழியில் பித்தளை எண்ணெய்க் குப்பியும், நுனியில் எடை கட்டிய புல்-த்ரூ கயிறும் இருக்கும். நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் வெட்டிய ஃபிளானல் துணியைக் கயிற்றில் கோத்துக் குழலுக்குள் இழுப்பார்கள். என்.சி.சி. முகாமில் இதைச் செய்து கை கறுக்காதவர் குறைவு.

சுவிஸ் துணைப்பொருட்களில் குறி பார்க்கும் டயோப்டர் கருவி அரிதும் விலை கூடியதும் ஆகும். ரைபிளில் துளையிடாமல் கவ்விப் பிடிக்கும்படி செய்யப்பட்டவற்றையே அறிந்தவர்கள் தேடுவார்கள். துளையிட்ட ரைபிளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. 1918 வகை பயோனெட்டுகள் சிலவற்றில் எல்செனர், ஷ்வீட்ஸ் என்ற முத்திரை இருக்கும். சிவப்புக் கைப்பிடி மடக்குக் கத்தியால் உலகம் அறிந்த விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் குடும்பப் பெயர் அது.

இந்தியச் சட்டமும் அருங்காட்சியகங்களும்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி என்ற சொல்லின் விளக்கமே அதன் பாகங்களையும் உள்ளடக்குகிறது. தனியே ஒரு போல்ட்டோ குழலோ கையில் இருந்தால், அது பழைய இரும்பு என்று சொல்லித் தப்ப முடியாது. பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். .303, 7.62 மி.மீ. இரண்டும் படைகள் பயன்படுத்தும் தோட்டா என்பதால் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. சாதாரண உரிமத்தில் கிடைக்காது. 2016 ஆயுத விதிகள் பயோனெட்டையும் ஆயுதப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. தாத்தா ராணுவத்தில் இருந்தபோது கொண்டுவந்தது என்று பரணில் ஏதேனும் கிடைத்தால், சுத்தம் செய்ய முற்படுமுன் காவல் நிலையத்தில் தெரிவிப்பதே முறை.

ஆகவே தமிழ்நாட்டில் மாணவர்கள் இந்த ரைபிள்களை அருகில் பார்ப்பதற்கு என்.சி.சி.யும் அருங்காட்சியகங்களுமே வாய்ப்பு. சென்னை எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021இல் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகத்தில் துப்பாக்கிகள் காட்சிக்கு உள்ளன. காட்சிப் பொருளான ரைபிளில் மாற்றுப் பாகம் வைக்கும்போது நோக்கம் வேறு. அது சுட வேண்டியதில்லை. எனவே தேய்ந்த பாகத்தை மாற்றுவதைவிட அப்படியே விடுவது நல்லது. மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் முத்திரைகளும், அடித்துத் திருத்திய பழைய எண்களும் அழிந்துவிடும். அந்த ரைபிள் எந்த ஆலையில் பிறந்தது, எத்தனை முறை செப்பனிடப்பட்டது என்று சொல்லும் சான்றுகள் அவை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றிய பாகத்தில் ரைபிளின் எண்ணை எழுதிய அட்டையைக் கட்டி உடன் வைக்க வேண்டும். புதிதாக வைத்த பாகத்தில் பழைய எண்ணை அடிக்கக் கூடாது.